காற்று வழியே 360 எச்.பி.: ஒரு வைண்டிங் கடைக்காரியின் கணக்கு

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வைண்டிங் கடைக்கு வருவதில் பெரிய மோட்டார் என்றால் 20 எச்.பி. ஐஸ் ஃபாக்டரி கம்ப்ரசருடையதாக இருக்கும், இல்லையென்றால் மணலிப் பக்கத்துப் பட்டறை ஏதாவது ஒன்றிலிருந்து வரும். வண்டியிலிருந்து இறக்கவே செயின் பிளாக் வேண்டும். அந்த அளவில் பழகிய எனக்கு, 270 கிலோவாட் என்று படித்ததும் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போனது. கிட்டத்தட்ட 360 எச்.பி. அவ்வளவு சக்தியையும் ஒரு ஒயர்கூடத் தொடாமல், நாலே முக்கால் அங்குலக் காற்றைத் தாண்டி ஒரு மின்சாரக் காருக்குள் சார்ஜாக ஏற்றியிருக்கிறார்கள்.

செய்தது அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் இருக்கும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம். ஆண்டு 2024. வண்டி போர்ஷே டைகான். காரின் அடியில் சக்தியை வாங்கிக்கொண்ட காயிலின் விட்டம் 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அனுப்பியதில் 95 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். டேப்பை எடுத்து வேலை மேஜையில் 19 அங்குலம் வைத்து சாக்பீஸால் வட்டம் போட்டுப் பார்த்தேன். கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் "இதுக்குள்ள எப்பிடிக்கா?" என்றான். அவன் பாலிடெக்னிக்கில் ட்ரிப்பிள் ஈ முடித்தவன், அவனுக்கும் நம்பிக்கை வரவில்லை.

வயர்லெஸ் சார்ஜிங் பற்றி என் கண்ணில் பட்டதெல்லாம் 'செல்போனை வைக்கிற மாதிரி காரை நிறுத்தினால் போதும்' என்பதோடு முடிந்துவிடுகிறது. காயில் சுற்றிப் பிழைக்கிறவளுக்கு அது எப்படிப் போதும்? உள்ளே என்ன ஒயர், என்ன கேஜ், எத்தனை சூடு, எப்போது எரியும் என்று தெரிய வேண்டாமா? அதனால் கடையை மூடிய பிறகு ராத்திரிகளில் தேடித் தேடிப் படித்ததை, எங்கள் ஊரோடு சேர்த்து யோசித்ததை, இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு உறுத்தியது ஏர் கேப், அதாவது நடுவில் இருக்கும் காற்று இடைவெளிதான். எங்கள் தொழிலில் அது பயப்பட வேண்டிய சங்கதி. சின்ன இண்டக்‌ஷன் மோட்டாரில் அசையாத ஸ்டேட்டருக்கும் உள்ளே சுழலும் ரோட்டருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பேரிங் தேய்ந்து ரோட்டர் உரச ஆரம்பித்தால், செலவைச் சுருக்க நினைத்து ரோட்டரை லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து எடுத்து வருவார்கள் சிலர். பூட்டி ஓடவிட்டால் உரசல் நின்றிருக்கும். ஆனால் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் லோடே இல்லாமல் ஆம்பியர் ஏறிக் கிடக்கும். காற்றைத் தாண்ட காந்தப்புலம் அதிகக் கரண்ட் கேட்கிறது. அப்பா இருந்தபோது இப்படிக் கடைந்து கொண்டு வந்த மோட்டாரை வாங்கவே மாட்டார், "இது இனிமே குடிக்கும், நீ வேற கடை பாரு" என்று திருப்பி அனுப்புவார். மயிரிழை கூடியதற்கே இந்தப் பாடு. ஓக் ரிட்ஜ்காரர்கள் தாண்டியதோ 120 மில்லிமீட்டர்.

எப்படி என்பதற்குப் பாதி விடை ஃப்ரீக்வென்சியில் இருக்கிறது. நம் வீட்டு லைனில் வருவது 50 ஹெர்ட்ஸ். கார்களுக்கான வயர்லெஸ் சார்ஜிங்குக்கு, வாகன இன்ஜினியர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஜே2954 தரநிலை வைத்திருப்பது 85 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நம் லைனைப்போல் 1,700 மடங்கு. காயிலில் தூண்டப்படும் வோல்டேஜ், புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. வேகம் 1,700 மடங்கு என்றால், மேல் காயிலுக்கு வந்து சேரும் புலம் கொஞ்சமாக இருந்தாலும் வோல்டேஜ் கிடைத்துவிடும். அதனால் லைனில் வரும் த்ரீ ஃபேஸை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு சிலிக்கன் கார்பைடு சுவிட்சுகள் வைத்த இன்வெர்ட்டரால் படபடவென்று வெட்டி, அதிவேக ஏ.சி. ஆக்கித் தரைக் காயிலுக்குக் கொடுக்கிறார்கள். வண்டிக்குள் போனதும் மறுபடி டி.சி. ஆகி பேட்டரிக்குப் போகிறது.

ஆனால் அந்த வேகத்தில் செம்பு தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். ஏ.சி. கரண்ட் கம்பியின் நடுவை விட்டுவிட்டு மேல்தோல் ஓரமாகவே ஓடும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். 50 ஹெர்ட்ஸில் அந்தத் தோலின் கனம் 9 மில்லிமீட்டருக்கு மேல். நாங்கள் சுற்றும் ஒயரெல்லாம் அதைவிட மெல்லிசு, அதனால் எங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 85 கிலோஹெர்ட்ஸில் அது 0.22 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. கனமான ஒயரைப் போட்டால் நடுச் செம்பு சும்மா கிடக்கும், தோல் மட்டும் எரியும். அதனால் தலைமுடி கனத்தில் எனாமல் பூசிய நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான இழைகளை முறுக்கிக் கயிறாக்கிச் சுற்றுகிறார்கள். லிட்ஸ் ஒயர் என்று பெயர். இழை ஒவ்வொன்றும் கயிற்றின் உள்ளேயும் வெளியேயும் முறை வைத்து இடம் மாறி வர வேண்டும், அப்போதுதான் எல்லா இழையும் சமமாகக் கரண்டைப் பங்கிட்டுக்கொள்ளும்.

நான் சீலிங் ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜே 0.19 மில்லிமீட்டர்தான். இந்த லிட்ஸ் இழைகள் 0.1 மில்லிமீட்டர், அதாவது 42 கேஜ் அளவில் இருக்கும். 42 கேஜ் எனாமலை நுனியில் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிளேடு கொஞ்சம் அழுத்தினால் ஒயரே கையோடு வந்துவிடும். அதில் ஆயிரம் இழையை ஒன்றுவிடாமல் சுரண்டி ஈயம் வைப்பது பிளேடால் ஆகிற காரியமில்லை, சூடான ஈயக் குளியலில் எனாமலே உருகிப்போகும் வகை ஒயராக வாங்க வேண்டும். நூறு இழை ஈயம் பிடிக்காமல் விட்டுப்போனால் மற்ற இழைகள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்கும். இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியென்றே காட்டும், லோடு ஏறிய பிறகுதான் வாசனை வரும்.

இன்னொன்று இரும்பு. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலும் மெல்லிய ஸ்டாம்பிங் தகடுகளை அடுக்கி கோர் செய்கிறோம். 85 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தகடே அடுப்பாகிவிடும். அதனால் ஃபெரைட். பழைய ரேடியோவுக்குள் ஏரியல் காயில் சுற்றிய கறுப்புக் குச்சி இருக்குமே, அதே சாதி. காந்தத்துக்கு நல்லது, அடிக்கு ஆகாது. கீழே விழுந்தால் இரண்டாகும். தரைக்குள் பதித்த ஃபெரைட் ஓடுகள் மேல் 50 டன் டிரெய்லர் ஏறி இறங்கும் என்று நினைத்தாலே எனக்குப் பல் கூசுகிறது. வெளிநாட்டுப் பேருந்து முனையங்களில் பதித்துப் பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள், செய்ய முடியாத வேலை இல்லை. மேலே மூடி போடுகிற சிவில் வேலையில் ஏமாற்றினால் மட்டும் தொலைந்தது.

மீதிப் பாதி விடை கெபாசிட்டர். டிரான்ஸ்ஃபார்மரில் கரண்ட் கொடுக்கும் காயிலான பிரைமரி உண்டாக்கும் புலம் அநேகமாக முழுதும், வாங்கும் காயிலான செகண்டரியில் போய்விடும். இங்கே இரண்டு காயிலும் ஒன்றையொன்று எட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கீழே உண்டாகும் புலத்தில் மேலே போய்ச் சேருவது கால் பங்கு இருந்தாலே நல்ல கப்ளிங் என்பார்கள். மீதி முக்கால் பங்கு வீணாவதில்லை, சுற்றித் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் போக்குவரத்துக்கான கரண்டை ஒவ்வொரு முறையும் இன்வெர்ட்டரே கொடுத்து வாங்கினால் அது தாங்காது. காயிலோடு கணக்காக ஒரு கெபாசிட்டரைச் சேர்த்துவிட்டால், அந்தக் கரண்ட் காயிலுக்கும் கெபாசிட்டருக்கும் நடுவே தானே ஆடிக்கொண்டிருக்கும். தூளி ஆடுகிற கதியைப் பிடித்துக்கொண்டால் ஒற்றை விரலால் தள்ளி விட்டுக்கொண்டே இருக்கலாம். கதி தப்பினால் இரண்டு கையும் போதாது, பிள்ளையும் எழுந்துவிடும். வண்டி கொஞ்சம் தள்ளி நின்றாலோ, டயரில் காற்று குறைந்து உயரம் மாறினாலோ அந்தக் கதி மாறும். இன்வெர்ட்டர் அதைக் கண்டுபிடித்துத் தன் வேகத்தை 79-க்கும் 90 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவே நகர்த்திப் பிடித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது எல்லா வயர்லெஸ் சார்ஜருக்கும் பொது. ஓக் ரிட்ஜ்காரர்களே 2016-ல் டொயோட்டா ஆர்.ஏ.வி.4 ஒன்றில் 20 கிலோவாட், 2018-ல் ஆய்வகத்துக்குள் ஆறு அங்குல இடைவெளியில் 120 கிலோவாட் என்று படிப்படியாக வந்தவர்கள்தான். 2024-ல் அவர்கள் மாற்றியது என்ன என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிங்கிள் ஃபேஸ் காயிலை விட்டுவிட்டு த்ரீ ஃபேஸ் பாணியில் பல ஃபேஸ் காயிலாகச் சுற்றியிருக்கிறார்கள். புலம் மேலும் கீழுமாகத் துடிப்பதற்குப் பதிலாகச் சுழல்கிறது. இதைத்தானே தினமும் செய்கிறோம்? ஸ்டேட்டரை வட்டமான அப்பளமாகத் தட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் ஃபேஸில் சக்தி ஏறி இறங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சுழியைத் தொட்டு வரும். த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸ் இறங்கும்போது அடுத்தது தூக்கிப் பிடிக்கும், ஓட்டம் சீராக இருக்கும். அதே இடத்துக்குள் அதிகச் செம்பு, அதிகச் சக்தி. ஒரே எச்.பி.க்கு சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பெரிதாகவும் த்ரீ ஃபேஸ் மோட்டார் சின்னதாகவும் இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய யாருக்கும் இது சட்டென்று புரியும். ஒரே பரப்பளவில், ஏற்கெனவே இருந்த முறைகளைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு சக்தி என்று அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நான் பையனுக்கு வட்டத்துக்குள் மூன்று கலர் சாக்பீஸில் காயில்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டியதும், "ஓ, ஓவர்லேப் வைண்டிங்!" என்று அவனே சொன்னான்.

95 சதவீதம் என்றால் பிரமாதம்தான். இருந்தாலும் மீதி 5 சதவீதத்தை மறந்துவிடக் கூடாது. 270-ல் 5 சதவீதம் 13.5 கிலோவாட். 18 எச்.பி. எங்கள் கடையின் மிகப் பெரிய மோட்டார் தரும் சக்தி கிட்டத்தட்ட அப்படியே சூடாக மாறி, தரைப் பெட்டியிலும் கார் அடியிலும் இன்வெர்ட்டரிலும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்து வெளியே போட கூலிங் வேண்டும். டென்னஸியில் சரி, மே மாதம் மத்தியானம் எண்ணூர் விரைவு சாலையில், தரையே கொதிக்கும்போது எப்படி என்பது வேறு பரீட்சை. ஒயர் வைத்துச் செய்யும் டி.சி. சார்ஜரிலும் இழப்பு உண்டு. அதனால் வயர்லெஸ் என்றால் மின்சாரம் பாதி காற்றில் போய்விடும் என்று பேசுகிறவர்கள் பழைய கதையைப் பேசுகிறார்கள்.

பழைய கதை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒயர் தொடாமல் ஓடும் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் யோசனை நேற்று வந்ததில்லை. மாரிஸ் ஹுட்டின், மாரிஸ் லெப்லான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ரயில் வண்டிக்கு இண்டக்‌ஷன் மூலம் சக்தி கொடுக்க 1894-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம், 1895 மே மாதம், எங்கள் மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. அப்போது தலைக்கு மேல் கம்பி கிடையாது. ரோட்டுக்கு அடியில் ஒரு கால்வாய் மாதிரி தோண்டி, அதற்குள் மின்கம்பியை வைத்து, டிராமிலிருந்து ஒரு கை உள்ளே இறங்கி அதைத் தொட்டுக்கொண்டே போகும். லண்டனில் யோசித்ததை மெட்ராஸ் மழை ஒப்புக்கொள்ளவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கால்வாய்க்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கடைசியில் மேலே கம்பி கட்டித்தான் ஓட்டினார்கள். 1953-ல் டிராமே நின்றுபோனது.

ரோட்டுக்கு அடியில் மின்சாரம் என்று சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்கள் முகம் மாறுவதற்கு டிராம் வரைக்கும் போக வேண்டியதில்லை. கணுக்கால் தண்ணீரில் நடக்கும்போது ஓரத்து இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிற ஜனம் நாங்கள். அந்தப் பயத்துக்கு இந்த முறையில் நல்ல பதில் இருக்கிறது. டிராம் கால்வாயில் வெற்றுக் கம்பி. இங்கே காயிலும் ஃபெரைட்டும் பிசின் ஊற்றி அடைத்த பெட்டிக்குள். தொடுவதற்கு உலோகமே வெளியில் இல்லை. மேலே வண்டி வந்து நின்று, தரையோடு ரேடியோவில் பேசி, ஆமாம் நான்தான் என்று சொல்லாதவரை காயிலில் கரண்டே வராது. தண்ணீர் நின்றாலும் காந்தப்புலம் அதைத் தாண்டிப் போய்விடும். மழையில் கவலைப்பட வேண்டியது பக்கத்தில் நிற்கும் இன்வெர்ட்டர் அலமாரியைப் பற்றி. அதை வெள்ள மட்டத்துக்கு மேல் மேடை கட்டி வைத்தால் ஆயிற்று.

மழையைவிட எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது உப்புக் காற்று. கடைக்கு வரும் எலக்ட்ரீசியன் ஒருவர் சார்ஜிங் யார்டு ஒன்றில் வேலை பார்க்கிறார். கடற்கரையிலிருந்து கல்லெறி தூரம். அவர் ஒரு தடவை செல்போனில் படம் காட்டினார், சார்ஜிங் கன்னின் மெட்டல் பின் ஒன்று ஓரத்தில் கறுத்து, பச்சை பூத்துக் கிடந்தது. "மேடம், இது போன மாசம் மாத்துனது." உப்பும் தூசும் சேர்ந்து காண்டாக்டில் படிந்தால் அங்கே ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் இருந்தால் சூடு, சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகிற இடத்தில் இது விளையாட்டில்லை. காண்டாக்டே இல்லாத சார்ஜருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கனமான கேபிளை யாரும் தூக்கிச் சொருக வேண்டாம், ராத்திரியில் எவனும் செம்புக்காக வெட்டிக்கொண்டு போகவும் முடியாது.

சரி, யாருக்கு இது?

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு என்றுதான் விளம்பரங்கள் வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜே2954 தரநிலையில் கார்களுக்கான உச்சமே 11 கிலோவாட். பி.எம்.டபிள்யூ. 2018-ல் தன் கார் ஒன்றுக்குக் கொடுத்தது 3.2 கிலோவாட். ராத்திரி முழுக்க வீட்டில் நிற்கப் போகிற காருக்கு, அரை நிமிடம் குனிந்து ஒயர் சொருகச் சோம்பல்பட்டு ஃபெரைட்டும் லிட்ஸும் வாங்குவது பணக்காரர்கள் பாடு. நம் நாட்டில் திருவனந்தபுரம் சி-டாக் ஆய்வு மையமும் நாக்பூர் வி.என்.ஐ.டி. கல்லூரியும் சேர்ந்து செய்திருக்கும் சார்ஜர் 1.5 கிலோவாட், 12.5 சென்டிமீட்டர் இடைவெளி, 89.4 சதவீதத் திறன். 48 வோல்ட் பேட்டரிக்கு அது போதும். அந்த அளவு சின்ன வண்டிகளுக்கு ஆகும், நான் அதை மதிக்கிறேன், என் மாதிரிக் கடைகள் நாளைக்கு ரிப்பேர் பார்க்கக்கூடிய அளவும் அதுதான்.

ஆனால் பெரிய கிலோவாட்டுக்கு உண்மையான இடம், ஒரே இடத்தில் வந்து நின்று, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி கிளம்பும் பெரிய வண்டிகள். முதலில் பஸ். இத்தாலியில் டூரின் நகரத்தில் முனையங்களில் இப்படிச் சார்ஜ் செய்து பஸ் ஓட்ட ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தென்கொரியாவின் குமி நகரத்தில் 2013-ல் 24 கிலோமீட்டர் தடத்தில், ரோட்டில் அங்கங்கே காயில் புதைத்து, ஓடும்போதே 100 கிலோவாட் வரை ஏற்றினார்கள். அமெரிக்காவில் வெனாட்சி என்ற சின்ன ஊரில் 2018-ல் இருந்து 200 கிலோவாட் தரைப் பெட்டி மேல் பஸ் நின்று போகிறது.

எங்கள் பக்கம் 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்களை ஓட்ட ஆரம்பித்தார்கள். தாழ்தளம், ஏறுவதற்கு எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்குக்கூடச் சிரமமில்லை. அவையெல்லாம் பணிமனைக்குப் போய் ஒயர் சொருகிச் சார்ஜ் ஆகிற வண்டிகள். எண்ணூரிலோ வள்ளலார் நகரிலோ டிரைவர் இறங்கி டீ குடிக்கிற பத்து நிமிடத்தில் 200 கிலோவாட் ஏறினால் 33 யூனிட். டவுன் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று வைத்தாலும் 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒரு வழி ஓட்டமான ஒவ்வொரு சிங்கிளுக்கும் இப்படி ஏற்றினால் அவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமக்கவே வேண்டாம், அந்த எடைக்கு ஆட்களை ஏற்றலாம். ஒரே சிக்கல், காயிலுக்கு நேராக நிறுத்த வேண்டும். கார் தரநிலையே முன்பின் 7.5 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் வரைதான் பொறுத்துக்கொள்கிறது. ஸ்டாப்பிங்கில் நிற்கும் ஜனத்தை முப்பது அடி ஓடவிட்டு நிறுத்திப் பழகியவர்களிடம் பத்து சென்டிமீட்டர் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். டேஷ்போர்டில் கேமராவும் கோடும் காட்டினால் பழகிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

ஓடும்போதே சார்ஜ் ஆகும் ரோடு எங்களுக்கு வேண்டாம் என்பது என் தீர்மானம். டெட்ராய்டில் 2023-ல் கால் மைல் போட்டார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு ரோடு போட்டால் அடுத்த பொங்கலுக்குள் குழாய்க்கு ஒருத்தர், கேபிளுக்கு ஒருத்தர், சாக்கடைக்கு ஒருத்தர் என்று தோண்டாமல் விடுவார்களா? ஜே.சி.பி. பல்லுக்கு லிட்ஸ் ஒயரும் வேரும் ஒன்றுதான்.

லாரி விஷயம் வேறு. என் தம்பி கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் மாதவரம், மணலி யார்டுகளுக்கும் நடுவே அலைவதுதான் வேலை. கிலோமீட்டர் பார்த்தால் கொஞ்சம், நேரம் பார்த்தால் முழுப் பகல். வரிசையில் நிற்பதுதான் பாதி உத்தியோகம். போன ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட வந்தபோது அவனிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். நூறு கிலோவாட்டில் கால் மணி நேரம் நின்றால் 25 யூனிட், லோடு வண்டிக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகும், நீ நிற்கிற நேரமெல்லாம் டீசலாக மாறுகிறது என்று வைத்துக்கொள் என்றேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தாமலே, "க்யூல எங்கக்கா கால் மணி நேரம் ஒரே எடத்துல நிக்கறோம்? பத்தடி நவுரும், நிக்கும். நடுவுல ஒருத்தன் பூந்துடுவான். நீ பொட்டி வெச்ச எடத்துலயேவா நான் நிப்பேன்?" என்றான்.

நியாயம். பத்தடிக்கு ஒரு காயில் வைக்க எவராலும் முடியாது. பிறகு எங்கேதான் ஒரே இடத்தில் நிற்பாய் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான்: யார்டுக்குள் கண்டெய்னரை ஏற்றி இறக்கும் இடம். கண்டெய்னரைத் தூக்கும் ஸ்டேக்கர் வண்டி வரும்வரை அசைய விட மாட்டார்கள், தரையில் கோடு போட்டிருக்கும், கோட்டுக்குள் நிறுத்தாவிட்டால் சூப்பர்வைசர் கத்துவான். பேப்பர் வேலை முடியும்வரை அங்கேயேதான். இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கோடு, ஏற்கெனவே காத்திருப்பு, தனியார் இடம், தோண்ட வரும் ஆளும் இல்லை. கனரக வண்டிகளுக்கு 500 கிலோவாட் வரை யோசித்து எஸ்.ஏ.இ. 2022-ல் தனியாக ஒரு ஆவணமே போட்டிருக்கிறது.

அங்கேயும் தொல்லைகள் உண்டு, தம்பியே பட்டியல் போட்டான். யார்டுத் தரையில் கிடக்காத சாமான் இல்லை. போல்ட், நட்டு, சீல் கம்பி, லேஷிங் துண்டு. காயிலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு இரும்புத் துண்டு கிடந்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்த மாதிரி பழுத்துவிடும். அதனால் தரைப் பெட்டிக்குள்ளேயே சின்னச் சின்னக் காயில்கள் வைத்து, அந்நிய உலோகம் கிடந்தால் கண்டுபிடித்து நிறுத்தும் ஏற்பாடு கட்டாயம். அப்புறம் நாய். வெயிலுக்கு லாரி அடியில்தான் படுக்கும். உயிருள்ளது நுழைந்தாலும் கண்டுபிடித்துச் சக்தியைக் குறைக்க வேண்டும், அதற்கு ரேடார் மாதிரி சென்சார்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து நாய்கள் அந்த சென்சாருக்கு ஓய்வே கொடுக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் என் மனசு கேட்காது. இப்படிப் பத்துப் பெட்டி, ஒவ்வொன்றும் 200 கிலோவாட் என்றால் இரண்டு மெகாவாட். தனி எச்.டி. லைன், அதாவது உயர் அழுத்த லைன், தனி டிரான்ஸ்ஃபார்மர். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு வரப்போவது அத்திப்பட்டிலிருந்து. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டமே 630-ம் 1,200-ம் சேர்ந்து 1,830 மெகாவாட், எல்லாம் நிலக்கரி. டிரெய்லரின் புகைக்குழாய் போய்விடும், புகைபோக்கி அப்படியே நிற்கும், இரண்டுமே எங்கள் பக்கம்தான். ஆனாலும் என் கடை வாசலில், மூக்குக்கு நேராக, நாள் முழுக்க வருகிற டீசல் புகை போவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கடையில் வார்னிஷ் காயவைத்த ஸ்டேட்டரை மறுநாள் துடைத்தால் துணி கறுப்பாக வருகிறது.

தம்பிக்கு இதிலெல்லாம் கவலை இல்லை. அவன் கவலை வேறு. "கேபின்ல நான் படுத்துக்குனு இருப்பேன்க்கா, கீழ நீ நூறு கிலோவாட் உட்டா எனக்கு எதுனா ஆவாதா?"

காயிலுக்கு மேல் ஃபெரைட், ஃபெரைட்டுக்கு மேல் அலுமினியத் தகடு, அதற்கு மேல் சேஸிஸ் இருக்கிறது, புலம் மேலே வராமல் தடுக்கத்தான் அந்த அடுக்கு என்றேன். பொதுமக்கள் நிற்கும் இடத்தில் இந்த ஃப்ரீக்வென்சிக்கு 27 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டக் கூடாது என்று ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேச அமைப்பு 2010-ல் வரம்பு வைத்திருக்கிறது, வண்டிக்குள்ளும் அளந்து காட்டினால்தான் விடுவார்கள் என்றும் சொன்னேன். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு வரம்பு இன்னும் கடுமை, உனக்கு அது இல்லை.

"புது லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு 2025 அக்டோபர்லர்ந்து சட்டம் வந்துச்சே. இப்ப நிக்கும்போது ஏசி போட்டா டீசல் போவுதுன்னு ஓனர் கத்துறான். கீழர்ந்தே கரண்ட் வந்தா?"

ஏசிக்கு ஒன்றிரண்டு கிலோவாட் போதும், நூறில் அது கணக்கிலேயே வராது என்றேன்.

"அப்ப சீக்கிரம் போடச் சொல்லு" என்று தட்டை நீட்டினான், இன்னொரு கரண்டி குழம்புக்கு.